துரை வீட்டு மண்சரிவு

வேட்டியில் நாய் எச்சில் வழிந்த இடத்தைச் சண்முகராஜா துடைக்கவே இல்லை. துரையின் நாய் அது. கன்றுக்குட்டி உயரம். பங்களா வாசலில் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக மோந்துகொண்டே வந்து, அவர் முன்னால் நின்று, கரை போட்ட வேட்டியை முழங்காலிலிருந்து கீழ்வரை நக்கிவிட்டுப் போனது. அவர் அதன் தலையைத் தடவிக் கொடுத்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். தலவாக்கலையில் தன் கடையில் அரிசி மூட்டைப் பக்கம் ஒரு நாய் ஒதுங்கினால் படிக்கல்லைத் தூக்கி எறிகிற மனுஷன். நாகலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷனைப் பார்த்து அருவருப்பு வருவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அது இத்தனை காலையிலேயே, நுவரெலியாவில் வந்து இறங்கிய கையோடு தொடங்கிவிட்டதே என்றிருந்தது.

பென்டன் துரை தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தவர். ஊருக்குத் திரும்பிப் போகாமல் நுவரெலியாவிலேயே பங்களா வாங்கி, பந்து விளையாடும் பெரிய அறை முழுக்கப் பொம்மை ரயில் ஓடவிட்டிருந்தார். பக்கத்து அறையைப் பழைய ரயில் விளக்கு, மணி, பாடம் பண்ணிய சிறுத்தை என்று நிரப்பி, அதற்கு நூதனசாலை என்று பெயர் வைத்திருந்தார். சித்திரை மாதம் வெள்ளைக்காரர்கள் குளிருக்காக மலையேறி வரும்போது கதவைத் திறந்துவிடுவார். டிக்கெட் காசு ஆஸ்பத்திரிக்கு. காலையில் வெள்ளைக்காரர்கள், பத்து மணிக்குப் பிறகு மற்றவர்கள். அவருடைய பழைய தோட்டத்துக்கு அரிசி கொடுக்கும் உத்தரவு இந்த வருஷம் கைமாறப்போகிறது, புதிய துரை இவர் சொன்னால் கேட்பார் என்று சண்முகராஜாவின் காதுக்கு எட்டியிருந்தது. அதற்காகத்தான் குடும்பத்தோடு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொள்ள ராக்காயியையும் கூட்டி வந்திருந்தார்கள்.

ராக்காயி அவர்கள் வீட்டில் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் புருஷன் மூக்கன் ரயில் ரோட்டு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவன். போன ஆடி மழையில், நானுஓயாவுக்குக் கீழே, ரோட்டுக்கு மேலே இருந்த மண்மேடு சரிந்து வேலையாட்கள் மேல் விழுந்தது. மற்றவர்களை உயிராகவோ பிணமாகவோ எடுத்துவிட்டார்கள். மூக்கனுடைய மம்பட்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தண்டவாளம் தெரிந்த அன்றே கொந்தராத்துக்காரர் தோண்டுவதை நிறுத்திவிட்டு, மிச்ச மண்ணைப் பள்ளத்தில் தள்ளச் சொன்னார். ஆற்றோடு போயிருப்பான் என்றார். மம்பட்டியை வைத்துச் சடங்கு செய்தார்கள். அன்றைக்குத் தலவாக்கலை கடைத்தெருவே சந்தோஷமாயிருந்தது. கொழும்புக்கும் மலைக்கும் ரயில் மறுபடி ஓடுகிறது என்று சண்முகராஜா ஸ்டேஷன் போர்ட்டர்களுக்குக் கற்கண்டு வாங்கிக் கொடுத்தார்.

கதவு திறந்தது. உள்ளே ஈரநாய் வாடையும் சுருட்டு வாடையும் வார்னிஷ் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. துரையிடம் கணக்கெழுதும் கிளாக்கர் அம்பலவாணர் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு முன்னால் நின்றார்.

"எல்லாரும் வரிசையா வாங்கோ. ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது. பிள்ளையளைக் கவனமாப் பிடியுங்கோ."

அறையின் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மலைநாடு கிடந்தது. பச்சைச் சாயம் தோய்த்த பஞ்சுத் துண்டுகள் தேயிலைச் செடிகள். கண்ணாடிச் சில்லில் நீர்வீழ்ச்சி. தகரத்தில் லயங்கள், அவற்றின் மேல் புகைக்குப் பதிலாக ஒரு துணுக்கு வெள்ளைப் பஞ்சு. குகைக்குள்ளிருந்து ஓர் இரும்பு ரயில் மின்சாரத்தில் ஊர்ந்து வந்து, பாலத்தில் ஏறி, வளைந்து மறைந்தது. முதல் பார்வையில் நாகலெட்சுமிக்கும் வாய் பிளந்துதான் போயிற்று. குனிந்து பார்த்தாள். கொழுந்து பறிக்கும் பெண் பொம்மைகள் சுண்டுவிரல் நுனியளவில் வரிசையாக நின்றன. எல்லாருக்கும் ஒரே முகம். தார் மாதிரிக் கறுப்பு, அதில் வெற்றிலை போட்டதுபோல் அகலமான சிவப்பு வாய். துரைமார் பொம்மைகளுக்கு மட்டும் மீசை, தொப்பி, கண்மணி எல்லாம் வெவ்வேறாக எழுதியிருந்தது. அவள் நிமிர்ந்தபோது ராக்காயியின் கைகளில் குழந்தை துள்ளிக்கொண்டிருந்தது.

மலையின் ஒரு மூலையில் தண்டவாளத்தோரமாக மம்பட்டி பிடித்த ஆண் பொம்மைகள் நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு சரிவான பலகை, அதன் தலையில் பழுப்பாக ஏதோ குழைந்து கிடந்தது. பக்கத்தில் பித்தளைக் கைப்பிடி ஒன்று. அம்பலவாணர் தொண்டையைச் செருமினார்.

"இது இந்த வருசம் புதுசு. போன வருசம் நானுஓயாப் பக்கம் நடந்த மண்சரிவு. துரை தானே போய்ப் பார்த்து, அளந்து வந்து செய்வித்தவர். பேப்பரிலயும் போட்டவங்கள்."

நாகலெட்சுமிக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்ததும் ராக்காயியைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் உறைத்திருந்தது. அவர் கண் ஒரு தரம் ராக்காயி பக்கம் போய்விட்டு வந்ததை அவள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, பைப்பை வாயிலிருந்து எடுக்காமல் பென்டன் துரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சிவந்த கை. கை நிறைய வெள்ளை மயிர். தோட்டத்தில் கூலிகளை அதட்டிப் பழகிய தமிழில் பேசினார்.

"சலாம், முதலாளி! நீ வா. நீ இழு!"

நீ என்று கூப்பிட்டதற்குச் சண்முகராஜாவின் முகம் பூத்தது. அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்தார். நாகலெட்சுமி, "ஏங்க" என்றாள். அது அவர் காதில் விழுந்தது. காதின் பின்பக்கம் அசைந்தது. அவர் இழுத்தார்.

பலகை சாய்ந்தது. பழுப்புக் குழைவு 'சொத்' என்ற சத்தத்தோடு வழுக்கி இறங்கி ஆண் பொம்மைகளைச் சாய்த்து, தண்டவாளத்தை மூடியது. ஒரு பொம்மையின் கால் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வளைவில் வந்த ரயில் தானாக நின்று கூவியது. கூட்டம் கை தட்டியது. நீட்டிக்கொண்டிருந்த காலைக் காட்டி யாரோ சிரித்தார்கள், அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வேலைக்காரன் கரண்டியோடு வந்து குழைவை வழித்து மேலே ஏற்றி, பொம்மைகளைத் துடைத்து மறுபடி நட்டான்.

"இன்னும்!" என்று குழந்தை கத்தியது. ராக்காயியின் மார்பில் உதைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தட்டியது. "அப்பா, இன்னும்!"

துரை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "பாப்பா கேக்குது. இழு, முதலாளி!"

சண்முகராஜா இரண்டாவது தரமும் இழுத்தார். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. குழந்தை நன்றாகப் பார்க்கட்டும் என்று அம்பலவாணர் வழிவிட, பின்னாலிருந்தவர்கள் தள்ள, ராக்காயி விளிம்புக்கே வந்துவிட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அணைந்த அடுப்பு மாதிரி இருந்தது. அந்தப் பழுப்பிலிருந்து எழுந்த வாடை இப்போதுதான் நாகலெட்சுமிக்குப் பிடிபட்டது. தேயிலைச் சக்கை. பங்களாவில் குடித்துத் தீர்த்த தேயிலையை வாளியில் சேர்த்து, சீனிப்பாணி விட்டுப் பிசைந்தது. அது புளித்துப் போயிருந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

கரண்டிக்காரன் வழித்தான், நட்டான். பிறகு நின்று, தேடினான். துரையின் காதில் ஏதோ சொன்னான். துரையின் சிரிப்பு அணைந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதை அம்பலவாணர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

"ஒரு ஆளைக் காணேல்ல. சீமையில கையால எழுதுவிச்ச சாமான். மன்னிக்கோணும், அது கிடைக்கும் மட்டும் ஒருத்தரும் வெளியில போகேலாது."

கதவைச் சாத்தினார்கள். யாரும் சொல்லாமலே எல்லாருடைய கண்ணும் ராக்காயியின் மேல் வந்து நின்றது. விளிம்புக்கு மிக அருகில் நின்றவள் அவள்தான். அறையில் செருப்பில்லாமல் நின்றவளும் அவள்தான். சண்முகராஜா சுற்றிலும் பார்த்தார். உத்தரவு கைநழுவிப் போவதை அவர் கண்ணெதிரில் பார்த்தவர்போல் இருந்தது.

"ராக்காயி, மடியக் காட்டு."

"நான் எடுக்கலீங்க மொதலாளி."

"எடுக்கலன்னா காட்டறதுக்கு என்ன? அவுத்துக் காட்டு."

ராக்காயி குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, இடுப்புச் சொருகலில் கை வைத்தாள். அந்தக் கை நடுங்கவில்லை. அதைத்தான் நாகலெட்சுமியால் பார்க்க முடியவில்லை. அவள் போய் அந்தக் கையை அழுத்திப் பிடித்தாள்.

"மொதல்ல என் மடியப் பாருங்க. நானும் பக்கத்துலதான நின்னேன்? உங்க மடியையும் அவுத்துக் காட்டுங்க. எல்லாரும் காட்டுவோம்."

"ஏய், நாகு. வாய மூடு" என்றார் சண்முகராஜா, சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லுக்குள்ளே.

அதற்குள் துரை கோட்டைக் கழற்றி வேலைக்காரனிடம் கொடுத்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வலிக்கிற முழங்கால்களைப் பிடித்துப் பிடித்துத் தரையில் மண்டியிட்டார். கரண்டியைத் தள்ளிவிட்டு விரல்களாலேயே சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். ஒரு வெள்ளைக்காரர் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலை செய்வதை அங்கிருந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில், பலகை இடுக்கில் விரலை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். பொம்மை வந்தது. அதைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார், முகத்தை, கையை, காலை. தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"நல்ல ஆள்! சாகல்ல!"

அடைத்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தது. சண்முகராஜா எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டினார்.

"தோண்டுனா கெடைக்குதும்மா" என்றாள் ராக்காயி. வேறு யாருக்கும் கேட்காத குரலில், எதையோ புதிதாகத் தெரிந்துகொண்டவள்போல.

வராந்தாவில் முக்கியமானவர்களுக்கு மட்டும் தேத்தண்ணியும் கேக்கும் வைத்திருந்தார்கள். சண்முகராஜாவுக்கு நாற்காலி கிடைத்தது. ராக்காயி குழந்தையோடு படிக்குக் கீழே நின்றாள்.

"தெரிஞ்சுதான இழுத்தீங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"துரை கூப்புட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? பொம்மதான. ரெண்டாவது வாட்டி நம்ம புள்ளதான கேட்டுச்சு." அவர் கேக்கைப் பிட்டு வாயில் போட்டு, மென்றுகொண்டே, "நீ பேசினதுதான் அசிங்கம். துரைக்குத் தமிழ் புரியும்" என்றார். உதட்டோரம் கேக் துகள் ஒட்டியிருந்தது. மீசையோடு அது ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாயோடுதான் இனி வாழ்நாள் முழுக்க.

ஒரு வேலைக்காரன் வந்து அவர்களுடைய தேத்தண்ணிப் பானையைத் திறந்து, அடியில் தங்கிய சக்கையை ஒரு வாளியில் தட்டிக் கவிழ்த்தான். வாளி முக்கால் நிறைந்திருந்தது. நாகலெட்சுமி எழுந்து போய்ப் பங்களாப் பூஞ்செடிகளின் மேலேயே வாந்தியெடுத்தாள். ராக்காயி ஓடி வந்து நெற்றியைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. அதன் கீழே தலையைக் கொடுத்து நிற்கவும் அவளுக்குக் கூசியது.

நானுஓயா ஸ்டேஷனில் ரயில் வந்தபோது சண்முகராஜா இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகலெட்சுமி அவரைத் தாண்டிப் போய் ராக்காயியின் பின்னால் மூன்றாம் வகுப்பில் ஏறினாள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பிளாட்பாரத்தில் தெரிந்தவர் யாரோ பார்ப்பதைக் கண்டு, ஏதோ பேசி வைத்துக்கொண்டதுதான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பெட்டியில் கோழிக்கூடையும் ஈரச்சாக்குமாக ஆட்கள் நெருக்கியிருந்தார்கள். மழை பிடித்துவிட்டது. ரயில் கீழே இறங்க இறங்க, மலைப்பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ராக்காயி திரும்பி உட்கார்ந்தாள். அந்த இடம் வருகிறது என்று அதிலிருந்துதான் நாகலெட்சுமிக்குத் தெரிந்தது. குழந்தை தூங்கிப்போய் ராக்காயியின் மடியில் வாயைத் திறந்து கிடந்தது.

"அந்த மண்சரிவக் காட்டினப்பவே, வெளிய போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ராக்காயி" என்றாள் நாகலெட்சுமி.

"புள்ள கையில இருந்துச்சேம்மா."

குழந்தையின் காலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ராக்காயியே மறுபடி பேசினாள்.

"நாளையிலேருந்து நான் வரலம்மா. தோட்டத்துல பேரு பதிஞ்சுக்கப் போறேன். கொழுந்துக்கு ஆள் எடுக்குறாங்களாம்."

"அவரு பேசினதுக்கா?"

"அவுக பேசுறது பழகிப்போச்சும்மா." அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் அதன் கால் செருப்பைச் சரிசெய்தாள். "அது கை தட்டிச்சுல்ல. பச்சப்புள்ள, அதுக்கென்ன தெரியும். ஆனா எனக்குத் தூக்கிக் கீழ போடணும்போல இருந்துச்சு. இன்னும் இருக்குது. அதான்."

நாகலெட்சுமி கை நீட்டினாள். ராக்காயி தயங்காமல் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். சூடான, கனமான உடம்பு. அதன் உள்ளங்கைகள் பிசுபிசுத்தன. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தோடு சொல்வது.

ஒரு வளைவில் ரயில் வேகம் தணிந்து கூவியது. ரயில் ரோட்டு வேலையாட்கள் தண்டவாளத்தை விட்டு விலகி, நனைந்த மண்மேட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தலையில் கவிழ்த்த சாக்கின் நுனிகள் ரயில் காற்றில் படபடத்தன. பெட்டிகள் அவர்கள் மூக்கை உரசாத குறையாகப் போயின. ஒருவன் கண்ணை இடுக்கி வானத்தைப் பார்த்தான். ஒருவன் காலால் காலைச் சொறிந்தான். கடைசியில் நின்ற இளவட்டம் பக்கத்திலிருந்தவன் சொன்ன எதற்கோ, மழை வாய்க்குள் விழ விழ, அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான்.