எடை கூடிய வாரம்

பூவிழியின் மகள் பிறந்ததிலிருந்து வலப்பக்கம் மட்டும்தான் தலையைத் திருப்புவாள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். இடது மாரில் வைத்தால் வீறிடுவாள். வலதிலும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அழுவாள். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, கழுத்துத் தசைதான் இறுகியிருக்கிறது, வேறு கோளாறு இல்லை என்று தருமபுரியில் நிர்மலாதேவியிடம் அனுப்பினார். கையாலேயே தசையை இளக்கும் ஆஸ்டியோபதியும் படித்த பிசியோதெரபிஸ்ட். மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது. குழந்தையின் பிடரியிலும் தாடையடியிலும் விரல் நுனியை வைத்து, தசை இளகும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு பூவிழியின் தோள்பட்டையை இளக்கிவிட்டு, குழந்தையை எப்படி அணைத்துப் பிடிப்பதென்று காட்டித்தருவார்.

இண்டூரிலிருந்து வாராவாரம் கணவன் அருள்குமார்தான் கூட்டிப்போவான். வீட்டில் ஒத்தாசைக்கு பூவிழியின் அக்கா சுசித்ரா வந்திருந்தாள்.

நாலாவது வாரம் எடை முந்நூற்றிருபது கிராம் கூடியிருந்தது. பூவிழிக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "எம் பாலுல ஏறுன எடைங்க மேடம்!"

குழந்தை மாரில் குடித்ததைக் கவனித்திருந்த நிர்மலாதேவி சிரிக்கவில்லை. "உங்களுக்குப் பாலு முன்னவிட கொறஞ்சிருக்கே, பூவிழி. பாட்டில் எதாவது குடுக்கறீங்களா?"

"கொழந்த மேல சத்தியமா இல்லைங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்குமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை குளிக்கப் போன பூவிழி, குழாயில் தண்ணீர் வராமல் திரும்பினாள். சமையலறையில் சுசித்ராவின் மடியில் குழந்தை, வாயில் பாட்டில். அருள்குமார் பவுடர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?"

"இருவது நாளா," என்றாள் சுசித்ரா. "நீ குளிக்கறப்ப, தூங்கறப்ப. கொழந்த பசியில துடிச்சுதுடி. உங்கிட்ட சொன்னா ஒடஞ்சு போயிடுவேன்னு மாப்பிள்ளதான் வேண்டாம்னார்."

பூவிழி கணவனைப் பார்த்தாள். "நேத்து நான் சத்தியம் பண்றப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்..."

பவுடர் பால் அவளைச் சுடவில்லை. இருபது நாளாக அவள் மகிழ்ந்ததையெல்லாம் இரண்டு பேரும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்ததுதான் சுட்டது. வயிறு நிறைந்த குழந்தை மாரில் சப்பாமல் கிடந்தபோதெல்லாம் தன் உடம்பையே திட்டிக்கொண்டாளே! அக்காவை அன்றைக்கே ஊருக்கு அனுப்பினாள். சுசித்ரா அழுதாள். பூவிழிக்கு அழுகை வரவில்லை.

அடுத்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன் என்று தானே போய்ச் சொன்னாள்.

"பாட்டில் குடுத்தது தப்பில்லைங்க," என்றார் நிர்மலாதேவி. "மறைச்சதுதான் தப்பு. தெரிஞ்சிருந்தா அப்பவே பம்ப் வச்சு எடுக்கச் சொல்லியிருப்பேன், பாலு கொறஞ்சிருக்காது. ஆனா கழுத்து இளகியிருக்கு பாருங்க, அதுல பொய் இல்ல."

முதலில் மார், பிறகு பம்ப், மிச்சப் பசிக்கு மட்டும் பவுடர் என்று முறை வைத்தார். ஐந்து வாரம் பூவிழி அதை யார் கையிலும் விடவில்லை. ஒரு மதியம் குழந்தை தானாக இடப்பக்கம் திரும்பி, மாரைக் கவ்வி, மடக் மடக்கென்று விழுங்கியது.

வாசற்படியில் நின்ற அருள்குமார், "குடிக்கறாளா?" என்று மெல்லக் கேட்டான்.

"நீங்க வெளிய இருங்க," என்றாள் பூவிழி, குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல்.