கிள்ளி முகர்ந்த இலை

ஷிகெருவுக்கு மகனின் பெயர் மறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் பல் தேய்த்தது மத்தியானத்துக்குள் மறந்துவிடும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டால் அந்த மனிதருக்கு எதுவும் மறக்காது. பட்டாணிக்குக் குச்சி எத்தனை சாண் விட்டு ஊன்ற வேண்டும், வெங்காயத்தாளுக்கு எப்போது மண் அணைக்க வேண்டும், எல்லாம் கை தானாகச் செய்யும்.

எதை அறுத்தாலும் முதலில் ஒரு நுனியைக் கிள்ளுவார். இரண்டு விரலுக்கு நடுவே கசக்கி மூக்கருகே கொண்டுபோவார். பிறகுதான் அரிவாள். நாற்பது வருடப் பழக்கம்.

"கல்யாணத்துக்கு முன்னால என்னையும் மோந்து பாத்துட்டுத்தான் சரின்னீங்களா?" என்று அவர் மனைவி கினுயோ கேலி செய்வாள்.

"பின்ன? வெங்காய வாசம் அடிச்சுது. வீட்டுக்கு ஆகும்னு தோணிச்சு."

இந்தப் பதில் மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் தினமும் கேட்டாள், அவர் தினமும் புதிதாகச் சிரித்தார். பனி உருகி, கறுத்த மண்ணில் முதல் நிராக் கீரை பச்சை ஊசியாகத் தலை நீட்டும் நாளில் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பூண்டு வாசம் அடிக்கும் அந்தக் கீரையை முட்டையோடு கிளறிச் சோற்றின் மேல் போட்டால், பேசாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். அந்த வீட்டில் சந்தோஷம் என்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அதுவே தாராளமாகப் போதுமாக இருந்தது.

மகன் மசாகி நகரத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அம்மா, அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடலாம். உன்னால தனியா முடியாது."

"தோட்டம் இருக்கிற வரைக்கும் அவர் அவராத்தான்டா இருக்கார். நாலு சுவத்துக்குள்ள வச்சா ஒரு மாசத்துல என்னையும் மறந்துடுவார்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

இத்தனை தெரிந்த கினுயோதான் போன இலையுதிர் காலத்தில் ஒரு காரியம் செய்தாள். நிராப் பாத்தியின் கடைசியில் சுயிசென் கிழங்குகளை ஊன்றினாள். பனி முடிந்ததும் மஞ்சளாகப் பூக்கும், அழகான பூ, கிழங்கும் இலையும் விஷம். ஷிகெரு நன்றாக இருந்த காலத்தில் அதைக் காய்கறிப் பக்கம் அண்டவிட்டதில்லை. "கண்ணுக்கு உள்ளதையும் வயித்துக்கு உள்ளதையும் ஒரே பாயில படுக்க வைக்காத" என்பார். இப்போது தடுக்க ஆள் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று அவளுக்கு ஆசை. பூக்கும் வரை இரண்டின் இலையும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். வித்தியாசம் வாசத்தில்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுத் தொமிகோ ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. மறுநாள் காலையில் ஷிகெருவுக்கு லேசாகக் காய்ச்சல், படுத்திருந்தார். கினுயோவே அரிவாளோடு பாத்தியில் இறங்கினாள். மலை முழுக்க சுகி மரங்கள் மஞ்சள் மகரந்தத்தைக் கொட்டுகிற பருவம். ஊரில் பாதிப் பேருக்குக் கண் வீங்கி, மூக்கு அடைத்துக் கிடந்தது. அவளும் கண்ணுக்குக் கீழே வரை முகக்கவசம் போட்டிருந்தாள். தும்மிக்கொண்டே ஒரு பிடி அறுத்து, செய்தித்தாளில் சுருட்டி, கிண்ணத்தின் மேல் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தொமிகோ அதை முட்டையோடு கிளறினாள். அவளுக்கு வயிறு சரியில்லை, ஒரு வாய்தான் சாப்பிட்டாள். எண்பத்தொரு வயது இவாசே, அவள் கணவர், தட்டை வழித்துத் தின்றார். அரை மணிக்குள் வாந்தி. வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாத்தியைப் பார்த்தார்கள். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துப் பைக்குள் போட்டார்கள். ஷிகெரு கையில் அரிவாளோடு நின்று, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். மூத்தவர் அவரையும் அரிவாளையும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தோட்டத்தைப் பாத்துக்கறது யாரும்மா?"

"இவர்தாங்க" என்றாள் கினுயோ.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்களே, அது ஒரே சொல்லில் முடிந்துபோனது. தொமிகோவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற பயம் அவளுக்கு. மறதிக்காரரை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றும் நினைத்தாள்.

செய்தார்கள். சனிக்கிழமை மசாகி வந்தான். பட்டாணி, வெங்காயத்தாள், நிரா, சுயிசென் என்று பார்க்காமல் எட்டுப் பாத்தியையும் கொத்திப் புரட்டினான். ஜூனில் ஒரு அறை காலியாகிறது என்று இல்லத்தில் பெயர் பதிந்துவிட்டான். இந்த முறை அவளால் போனை வைக்க முடியவில்லை, அவன் நேரிலேயே நின்றான்.

மறுநாள் காலையில் ஷிகெரு பின்கதவைத் திறந்து வெற்று மண்ணைப் பார்த்தார்.

"கினு! பட்டாணி எங்க? எந்தப் பாவி புடுங்கினான்?"

மகன் பக்கத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தொமிகோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கினுயோவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நிரான்னு நெனச்சு நீங்க சுயிசெனை அறுத்துக் குடுத்துட்டீங்க. இவாசே அண்ணன் செத்துட்டார்."

அவர் முகம் விழுந்த விதத்தை அவள் சாகும் வரை மறக்கப்போவதில்லை. "நான் மோந்து பாக்கலியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் இடுப்பு வரை குனிந்து நின்றார். தொமிகோ கதவைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கதவைத் திறந்தார், மண்ணைப் பார்த்தார், கேட்டார். கினுயோ மறுபடி சொன்னாள். மகன் ஊருக்குப் போனபிறகும் சொன்னாள், வேலிக்கு அந்தப் பக்கம் காது இருந்ததே. இப்படியே இரண்டு மாதம். செய்யாத ஒரு கொலையை அந்த மனிதர் தினமும் காலையில் புதிதாகச் செய்தார், தினமும் புதிதாக அழுதார், தினமும் போய்க் குனிந்தார்.

மே மாதத்தோடு மகரந்தம் அடங்கியது. கினுயோவின் மூக்கு திறந்தது. அது திறந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இல்லத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவருடைய உள்ளாடைகளில் பெயர் எழுதித் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அன்னிக்கு அறுத்தது நீங்க இல்ல. நான். அந்தக் கிழங்கை நட்டதும் நான்தான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மோந்து பாக்கலியா?"

"மூக்கு அடைச்சிருந்துச்சுங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத." குரலைத் தாழ்த்தி, வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நான் அறுத்தேன்னு சொல்லிடு. நான்தான் மறக்கற ஆளாச்சே, என்னை யார் என்ன சொல்லப் போறாங்க?"

அப்படித்தான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் மடியில் தலை வைத்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று புரியாமலே அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

காலையில் மசாகி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். தொமிகோ தன் வாசலில் நின்றிருந்தாள். அன்றைக்குக் கினுயோ பின்கதவைத் திறக்கவிடவில்லை, யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஷிகெரு புதுக் காலணியோடு நேரே தொமிகோவிடம் நடந்துபோய்க் குனிந்தார்.

"நான்தாங்க அறுத்தேன். மோந்து பாக்காம அறுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

இரண்டு மாதத்தில் முதல் முறையாகத் தொமிகோவும் பதிலுக்குக் குனிந்தாள். "போயிட்டு வாங்கண்ணே. உடம்பைப் பாத்துக்குங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கினுயோவைப் பார்த்தாள். "உன் பாடுதான் கஷ்டம், கினுயோ. எனக்கு உன்மேல ஒரு வருத்தமும் இல்லடி."

அறுபது நாள் கேட்டுக் கேட்டு மனதில் ஊறிப்போன பழியா, நேற்றுச் சாயங்காலம் அவளுக்காக எடுத்துக்கொண்ட பழியா? கினுயோவுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவள் வாயைத் திறந்தாள். "அம்மா, நேரமாகுது" என்றான் மகன். அவள் வாயை மூடி, தொமிகோவுக்கு ஆழமாகக் குனிந்துவிட்டுத் திரும்பினாள்.

ஷிகெரு அதற்குள் வேலியோரம் குந்திவிட்டிருந்தார். நிரா வேர் லேசில் சாகாது. கொத்திப் போட்ட மண்ணிலும் ஒரு கொத்து மறுபடி துளிர்த்திருந்தது. ஒரு நுனியைக் கிள்ளிக்கொண்டு எழுந்து வந்து காரில் ஏறினார்.

தெருமுனை திரும்பும்போது இலையைக் கசக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு விரலையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாசம் வருதா?"

"வருதுங்க" என்றாள் கினுயோ.