கான் வாயில் அந்தோனியார்

எங்கள் லேன் முடியும் இடத்தில் இருக்கும் தோட்டத்துக்கு விருது கிடைக்கலாம் என்று, அதைப் போட்ட டில்ஷானி வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. கொட்டாஞ்சேனையின் இந்தக் கோடிக்கு எவனும் எதையும் சும்மா கொண்டுவந்து தருவதில்லை. முன்பொரு தடவை பின்னால் இருக்கிற மாடிவீடுகளுக்கும் ஏதோ விருது கொடுத்தார்கள். அதன் லிஃப்ட் இன்றைக்கும் ஓடுவதில்லை.

தோட்டம் இருக்கும் இடம் முன்பு வெறும் வளவு. லேன் அந்தப் பக்கமாகத்தான் சரிந்து போகிறது. மழை பெய்தால் தண்ணீரெல்லாம் அங்கே போய்த் தேங்கி, போக வழியில்லாமல் திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வரும். கடைசி வீடு இப்றாஹிம் நானாவுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. நான் ஹாபரில் கப்பல் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டியவன், தண்ணீர் பார்த்தவன். ஆனால் கட்டிலுக்குக் கீழே கானின் சாக்கடைத் தண்ணீர் வந்து நிற்பது வேறு விஷயம். கடைசியாக வந்த வெள்ளத்தில் நானாவின் மனுஷி பீபியை உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கித்தான் வெளியே எடுத்தோம். இடுப்பு முறிந்த மனுஷி, நடக்க முடியாது. கதிரையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தை என் தங்கச்சி றோஸி பிடித்தாள்.

அதற்குப் பிறகுதான் டில்ஷானி வந்தாள். நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் என்று அவளுடைய அட்டையில் தமிழிலும் போட்டிருந்தது. தோட்டம் போடுவதற்கும் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் நிற்கிற இடத்தை மண் போட்டு உயர்த்துவார்கள், அதுதான் நான் கண்டது. இவள் இன்னும் தோண்டினாள். நான் வாசலில் இருந்து சிரித்தேன். பள்ளத்தைச் சுற்றி மருத மரம் வைத்தாள். பள்ளத்துக்குள் ஆளுயரப் புல் வைத்தாள். லேனை மறித்து நிற்கும் சுவரின் அடியில் பெரிதாக ஒரு வாய் திறந்தாள். லேனின் தண்ணீர் அந்த வாயால் தோட்டத்துக்குள் போய், பள்ளத்தில் நின்று, மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. அதன் பிறகு வந்த பெருமழைகளில் எங்கள் வீடுகளுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அது உண்மை, சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் போன வருஷக் கடைசியில் சில பேர் வந்து தோட்டத்தை அளந்தார்கள். மருத மரங்களில் சிவப்புப் பெயின்டால் இலக்கம் எழுதினார்கள். பள்ளத்தை நிரப்பி வாகனங்கள் நிறுத்த இடம் கட்டப் போகிறார்களாம்.

"அதுக்குத்தான் அங்கிள் இந்தப் பிரைஸ்," என்றாள் டில்ஷானி. "தெற்காசியா முழுக்கப் பார்த்துக் கொஞ்சத் தோட்டத்தைத் தெரிவு செஞ்சிருக்கிறாங்கள். அதில எங்கடையும் ஒண்டு. கிடைச்சா பேப்பரில வரும், டீவியில வரும். பிறகு அங்க கொங்கிறீட் போட அவங்களுக்குக் கொஞ்சம் வெட்கமா இருக்கும்."

"வெட்கப்படுற ஆக்களை நீ எங்க மகள் கண்டனி?"

நடுவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருகிறார்கள் என்றாள்.

"செவ்வாய்க்கிழமையோ?" என்று கேட்டேன். "ஆர் நாள் குறிச்சது?"

"அவங்கள்தான். ஏன் அங்கிள்?"

"சுவரடியில போய்ப் பார்."

அவள் போய்ப் பார்த்தாள். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

சுவரின் வாயைக் கட்டியது தண்ணீருக்காக. ஆனால் ஒருகொடவத்தைப் பக்கமிருந்து த்ரீவீலில் வருகிறவர்களுக்கு அது குப்பை போடும் ஓட்டையாகத்தான் தெரிந்தது. பம்பர்ஸ், மீன்தலை, கோழித்தோல் எல்லாம் பையில் கட்டிக்கொண்டுவந்து எறிந்தார்கள். குப்பை போடாதே என்று மூன்று பாஷையிலும் எழுதி வைத்துப் பார்த்தாகிவிட்டது. பையை அந்தப் பலகையோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு றோஸி எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறதைச் செய்தாள். ஒரு அந்தோனியாரைக் கொண்டுவந்து வைத்தாள். சீமெந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன் மேல் சிலை. குப்பை அதிகம் விழுந்தது வாய்க்கு முன்னால் என்பதால் மேடையும் நேராக வாய்க்கு முன்னாலேயே வந்தது. அடுத்த நாளே குப்பை நின்றது. த்ரீவீல்காரன் பிரேக் பிடிப்பான், சிலையைக் காண்பான், சிலுவை போட்டுக்கொண்டு பையோடு திரும்பிப் போவான்.

கெடுதல் என்னவென்றால் ஆட்கள் கும்பிடத் தொடங்கினார்கள். அந்தோனியாருக்கு உரிய நாள் செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் கூட்டத்தில் நிற்க ஏலாதவர்கள் இங்கே வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். உருகின மெழுகும் பூமாலையும் மேடைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடைவெளியையும் அடைத்துவிட்டன. சிலை வந்த வருஷம் மழை குறைவு. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

டில்ஷானி றோஸியிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அன்ரி, சிலையை ஒரு நாலடி தள்ளி வைப்பம். அவ்வளவுதான்."

"நாலடி தள்ளினா அந்த நாலடியில குப்பை விழும்," என்றாள் றோஸி. "நீர் தோட்டத்தைப் போட்டிட்டு வீட்ட போயிட்டீர். மீன்தலையை அள்ளினது நான்."

"அதுக்கு இல்லை அன்ரி. தண்ணி போற வழியில நிக்கிறார்."

"அவர் ஒருத்தரின்ர வழியிலயும் நிக்கிறவர் இல்லை. ஃபாதர் சொன்னா எடுக்கிறன்."

டில்ஷானி ஃபாதரிடம் போனாள். ஃபாதர் அந்தச் சிலையை ஆசீர்வதித்து மந்திரிக்கவே இல்லையாம். தான் வைக்காத சிலையை எடுக்கச் சொல்லத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் இரண்டு வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சிங்களவர்கள், பௌத்தர்கள். சிலையைக் கண்டதும் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான். "மட்ட பே மிஸ்," என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மற்றவன் போவதற்கு முன் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே சுவரடியில் நாற்பது, ஐம்பது பேர். ஒக்டோபர் மாதம், வானம் துறைமுகப் பக்கம் கறுத்துக் கிடந்தது. அதிகாரி ஒருத்தரும் வந்திருந்தார். மரங்களில் இலக்கம் எழுதிய அதே ஒஃபிஸின் ஆள். நடுவர்கள் என்னிடமும் கேட்பார்களாம்.

"எல்லாம் நல்லம் எண்டு மட்டும் சொல்லுங்கோ ஐயா. கனக்கக் கதைக்க வேண்டாம்," என்றார்.

"நீங்கள் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு அப்பால் போனார்.

டில்ஷானியைப் பார்த்தேன். "நீ என்ன சொல்லச் சொல்லுறாய்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ அங்கிள்," என்றாள்.

அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். ஒருத்தர் நேபாளம், ஒருத்தர் டாக்கா, மூன்றாவது ஆள் சென்னையிலிருந்து வந்த அம்மா. வெள்ளைத் தலை, காலில் ரப்பர் செருப்பு. அவர்கள் தோட்டத்துக்குள் இறங்கிப் புல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கியது. ஓடிவந்து என் வாசல் கூரையின் கீழ் நின்றார்கள். கூட்டம் போகவில்லை. குடையை விரித்து மெழுகுதிரிக்குப் பிடித்தார்கள்.

சென்னை அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, இப்பல்லாம் மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருதுங்களா?"

"மூண்டு வருஷமா வரேல்லை," என்றேன். "இண்டைக்கு வரும்."

அதிகாரி இருமினார். டில்ஷானி நிலத்தைப் பார்த்தாள்.

"ஏங்க?"

"தண்ணி போற வாயில அந்தோனியார் நிக்கிறார். அவரை வச்சது என்ர தங்கச்சி. அந்தா, பச்சைக் குடை. இந்தப் பிள்ளை கட்டினது சரிதான், தண்ணி போனது, நான் கண்ணால பார்த்தனான். இப்ப போகாது. கொஞ்சம் நிண்டு பாருங்கோ."

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே லேனின் தண்ணீர் பழுப்பாக இறங்கி வந்தது. சுவரில் முட்டியது. அந்தோனியாரின் மேடையைச் சுற்றிச் சுழன்றது. பூக்கள் மிதந்தன. பிறகு பழைய பழக்கம் மறக்காத மாடு மாதிரித் திரும்பி, நேரே இப்றாஹிம் நானாவின் வாசலுக்குப் போனது.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "அடே ஸ்ரனிஸ்லாஸ்! ஒங்கட அந்தோனியார் ஏன்ட ஊட்டுக்குத்தான் தண்ணிய அனுப்புறாரு! நான் அவருக்கு என்ன செஞ்ச?"

"தங்கச்சியைக் கேளுங்கோ நானா," என்றேன்.

"றோஸி புள்ள! பீபி உள்ள கட்டில்லதான் படுத்திரிக்கி. கதிரையத் தூக்க வாறியா, இல்லாட்டி மெழுகுதிரியத்தான் புடிச்சிட்டு நிக்கப் போறியா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டுத்தான் சொன்னார், மழை அப்படி. உள்ளேயிருந்து பீபியின் குரல் கேட்டது. "றோஸி, தண்ணி படியத் தாண்டிட்டுது பாரு."

றோஸி குடையை யாரோ ஒருத்தியிடம் கொடுத்தாள். என் வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலவாங்கை எடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி மேடைக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்கொள்ளும் சுவாமி, நீரும் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறீர்," என்றாள். சிலையைத் தூக்கி, பக்கத்தில் வந்து நின்ற அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அது அவருடைய கையில் இருந்தது. பிறகு அலவாங்கை மேடைக்கும் சுவருக்கும் நடுவே செருகி நெம்பினாள். நான் போய்க் கை கொடுத்தேன். டில்ஷானியும் செருப்போடு இறங்கினாள். சீமெந்தில் மணல்தான் அதிகம், மூன்றாம் நெம்புதலில் மேடை பெயர்ந்தது. மெழுகைக் கையால் பிய்த்தோம்.

வாய் திறந்ததும் தண்ணீர் ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. பூமாலை, மெழுகுதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் புல் சாய்ந்து நிமிர்ந்தது. நானாவின் வாசலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் படியை விட்டு இறங்கியது. பீபியின் கட்டிலுக்கு அது போகவில்லை.

நடுவர்கள் ஒரு குறிப்பும் எழுதவில்லை. நின்று பார்த்தார்கள். டாக்காக்காரர் மட்டும் கைபேசியில் படம் எடுத்தார். அதிகாரி சிலையைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு நனைந்தார். அவரிடமிருந்து வாங்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் றோஸி சிலையை வாங்கி, பெயர்த்த மேடையில் ஏறிச் சுவரின் மேலே, வாய்க்கு நேர் மேலாக வைத்தாள்.

"இங்க நிண்டா மேல இருந்து பார்ப்பார்," என்றாள் டில்ஷானியிடம். "குப்பை விழுந்தா நீர்தான் வந்து அள்ள வேணும்."

"வாறன் அன்ரி."

"எழுதித் தாரும்."

அவள் சிரித்தாள். றோஸி சிரிக்கவில்லை.

முதல் விருது வேறு நாட்டில் ஒரு மலைத் தோட்டத்துக்குப் போனது. எங்கள் தோட்டத்துக்கு அதற்கு அடுத்தபடி ஒரு கௌரவம் கொடுத்தார்கள். டில்ஷானி போய் மேடையில் வாங்கி வந்தாள். பேப்பரில் படம் வந்தது, நடுவில் தண்ணீர், அதற்குள் அலவாங்கோடு றோஸி. டாக்காக்காரர் எடுத்த படம். தனக்கு வயிறு தெரிகிறது என்று றோஸி இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

பித்தளைத் தகடொன்றும் வந்தது. கொண்டுவந்து கொடுத்தது அதே அதிகாரி. அவரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தகட்டோடு படம் எடுத்துக்கொண்ட ஆள் நாளைக்கே மண் லொறியோடு வருவது கஷ்டம். வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை. மரங்களில் சிவப்பு இலக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது, அழிக்க ஒருவரும் வரவில்லை.

தகட்டைத் தோட்டத்தின் கேற்றில் அடிக்க வேண்டும் என்றார் அதிகாரி. பித்தளையைக் கேற்றில் வைத்தால் அடுத்த நாள் பழைய இரும்புக் கடையில் இருக்கும் என்றேன். இப்றாஹிம் நானா தலையாட்டினார். "அந்தோனியார்ட காலடியில அடிங்க. அங்க எவனும் கை வைக்க மாட்டான்."

அப்படியே சிலைக்குக் கீழே, சுவரில் கை எட்டும் உயரத்தில் அடித்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வருகிறவர்கள் அந்தோனியாரின் காலைத் தொடக் கை நீட்டுகிறார்கள். சுவர் உயரம், எட்டாது. அதனால் தகட்டைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். அதையும் ஃபாதர் மந்திரிக்கவில்லை.