நீலப்பொட்டுக்கு ஏற்ற முள்

கடிகாரம் பழுதுபார்ப்பவருக்குப் பெரிய மீன் என்றாலே இளக்காரம். "கயிறு கட்டி இழுக்கணும்னா மாட்டை இழுக்கலாமே" என்பார். நகத்தளவு மீனைத் தூண்டிலில் பிடித்து, கண்ணாடி டப்பாத் தண்ணீரில் விட்டு, படம் எடுத்து, இதுவரை எத்தனை வகை என்று கணக்கு எழுதிக்கொண்டு, திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தில் அதனாலேயே அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மச்சினியின் கணவன், பஸ் ஓட்டுகிறவன், இந்த ஆட்டத்துக்குள் நுழையும்வரை இருந்தது.

சகலைக்கு ராசியான கை. குட்டையில் போட்டாலும் மீன், மதகடியில் போட்டாலும் மீன். "தங்கச்சி வீட்டுக்காரர் இன்னைக்குப் புதுசா ஒண்ணு புடிச்சாராம்" என்று மனைவி சாதாரணமாகத்தான் சொல்வாள். இவருக்கு வயிறு எரியும், சாப்பாடு இறங்காது.

வருஷக்கணக்காகத் தேடியும் இவருக்குச் சிக்காத மீன் ஒன்று உண்டு. கல்லுக்கடியில் ஒட்டிக் கிடக்கும், கன்னத்தில் நீலப் புள்ளி. நீலப்பொட்டு என்று இவர்தான் பெயர் வைத்தார். அதையும் அவன் பிடித்துவிட்டால் அப்புறம் இவர் வெறும் கடிகாரக்காரர்தான்.

அன்று ஓடைக்கரையில் சகலை கேட்டான். "அண்ணே, சின்னத் தூண்டில் முள்ளு ஒண்ணு குடுங்க. என்னோடது எல்லாம் வளைஞ்சுபோச்சு."

"தீந்துபோச்சுப்பா." சின்ன முள் பொட்டலம் சட்டைப் பையில்தான் இருந்தது. "இதை வச்சுக்க" என்று ஒரு பெரிய முள்ளை நீட்டினார். நீலப்பொட்டின் வாய்க்குள் அது ஜென்மத்துக்கும் நுழையாது. இடமும் அவரே சொன்னார். "பாலத்துக்குக் கீழ போ, அருமையான இடம்." லாரி கழுவுகிற இடம் அது, தவளைகூட எட்டிப் பார்க்காது. மேலே தெளிந்த மணல் திட்டில் தான் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியது. தக்கை அசையவே இல்லை. அப்போது பாலத்தடியிலிருந்து சத்தம்: "அண்ணே, ஓடியாங்க!"

ஓடினார். கண்ணாடி டப்பாவில் நீலப்பொட்டு.

"முள்ளு ஏறவே இல்லண்ணே. புழுவைக் கவ்வுச்சு, விடவே மாட்டேன்னுடுச்சு. அப்படியே மெதுவா தூக்கி டப்பால விட்டுட்டேன்."

நெஞ்சு காந்தியது. ஆனாலும் ஒரு வழி இருந்தது. "வாயில முள்ளு ஏறலேன்னா கணக்குல வராதுப்பா" என்றார், பெரிய நீதிபதி மாதிரி.

"தெரியும்ணே, நீங்க போட்ட சட்டம்தானே? கணக்குக்கா கூப்பிட்டேன்? நீங்க தேடுற மீனாச்சே! அந்தக் கல்லுக்கடியில இன்னும் இருக்கு, நீங்க உக்காருங்க." எழுந்து இடம் விட்டான். "சின்ன முள்ளுதான் இல்லாமப் போச்சு."

கல்லோரம் வால் அசைவது இவர் கண்ணுக்கே தெரிந்தது. பொய்யைக் காப்பாற்றினால் மீன் போய்விடும். மீன் வேண்டுமென்றால் பொட்டலத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆசை வெட்கம் அறியாது. எடுத்தார்.

சகலை பொட்டலத்தைப் பார்த்தான். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடுங்கண்ணே, நான் புழு கோத்துத் தரேன்."

மீன் கிடைத்தது. முள் வாயில் சரியாக ஏறியிருந்தது. படம் எடுத்ததும் அவன்தான். "சிரிங்கண்ணே" என்றான்.

வீட்டில் மனைவி படத்தைப் பார்த்துப் பூரித்துப் போனாள். கூடவே வந்திருந்த சகலை, பொட்டலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் அதை ஊர் முழுக்கத் தமுக்கடித்திருப்போம் என்று இவருக்குத் தெரியும். அந்த மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று வயிறு மறுபடியும் எரிந்தது.