நாற்பத்தேழாம் நம்பரும் என் மதியத் தூக்கமும்

எந்தக் கோழி எந்த முட்டையை இட்டது என்று எழுதி வைப்பதுதான் பண்ணையில் என் வேலை. முட்டையிடக் கோழி கூண்டுக்குள் நுழைந்ததும் கதவு தானாக விழுந்து மூடிக்கொள்ளும். நான் போய்த் திறந்து, கால் வளையத்து எண்ணை முட்டையில் பென்சிலால் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, கோழியை வெளியே விடுவேன். பெரிய மூளை வேண்டாம். விழித்திருந்தால் போதும். அங்கேதான் இடித்தது.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். எனக்கு அது அப்பா வழி வந்தது. கை கழுவிய ஈரம் காயுமுன் குறட்டை விட்ட மனிதர். நானும் சாப்பிட்டதும் தீவன மூட்டை மேல் சாய்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் எந்தக் கோழியும் கூண்டில் மாட்டித் தவிக்கக் கூடாதே என்று, காலிக் கூண்டுகளை முன்னதாகவே அடைத்துவிடுவேன். அவ்வளவு இளகிய மனசு. எழுந்ததும் தரையில் கிடக்கும் முட்டைகளைப் பொறுக்கி, எண் இல்லாமல் அனாதைக் கூடையில் போடுவேன்.

இன ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டி, நாற்பத்தேழாம் நம்பர் கோழியையும் அதன் ஆறு மகள்களையும் கழிவு லிஸ்டில் சேர்த்தார். தாய் வாரத்துக்கு ஒரு முட்டை, மகள்களும் அப்படியே. ரத்தத்திலேயே சோம்பல் என்றார். விஷயம் தெரிந்தவன் போல நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை வண்டி வந்து ஏழையும் இறைச்சிக்கு ஏற்றிப் போகும்.

வியாழன் மதியம் கடைவாய்ப்பல் வலி, தூக்கம் வரவில்லை. கன்னத்தைப் பிடித்தபடி கொட்டகைக்குள் போனேன். நாற்பத்தேழு, அடைத்த கூண்டை ஒரு கொத்து கொத்தியது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மூலையில் போய் உட்கார்ந்தது. பின்னாலேயே மகள்கள். மூன்று மணிக்குள் ஆறு முட்டை. மற்ற கோழிகள் காலையில் இடும். இந்தக் குடும்பத்துக்கு மதியம்தான் ராசி. சோம்பல் இருந்தது உண்மை, கோழியிடம் இல்லை.

சொன்னால் வேலை போகும் என்று மனைவியிடம் புலம்பினேன்.

"உங்க தூக்கத்துக்கு அதுங்க கழுத்தக் குடுக்கணுமா?" என்றாள். 

மறுநாள் வண்டி வருமுன் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"நாற்பத்தேழோட அம்மா காலத்துலேர்ந்து, மேடம்."

"அப்ப அந்த அம்மாவ நாம கழிச்சது?"

செருப்பைப் பார்த்தேன்.  டாக்டரம்மா லிஸ்டில் ஏழு எண்களையும் கோடு போட்டு அடித்தார். இனி மதியம் முழுக்கக் கூண்டுகள் திறந்திருக்க வேண்டும், நான் நின்றுகொண்டே எழுத வேண்டும், நாற்காலி கிடையாது என்றார். பதிவேட்டில், 'மதியம் இடும் குணம், தாய்வழி' என்று எழுதினார். பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு, மேடம்."

"மதியம் தூங்குவாளா?"

"போன வாரம்தான் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க."