நீதிமன்ற வாசலில் காரோ

நகரசபைத் தலைவி ஒடெசா பெட்டிஃபோர்டுக்கு அன்று காலையிலிருந்தே எதிலும் மனம் ஒட்டவில்லை. வர்ஜீனியாவின் அந்தச் சிற்றூரில், நீதிமன்ற வாசலில் நிற்கும் தாடியஸ் காரோவின் சிலையை எடுப்பதா, விடுவதா என்று சாயங்காலம் வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். முடிவு அவள் கையில்.

ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கா போரிட்ட காலத்தில் மாகாணத்துக்குச் சட்டம் எழுதியவர் காரோ. 'எந்த மனிதனும் இன்னொருவனுக்கு எஜமானாகப் பிறப்பதில்லை' என்ற வரி அவருடையது. அவர் உட்கார்ந்து அதை எழுதிய பண்ணையில் அறுபது அடிமைகள் இருந்தார்கள். ஒடெசாவின் வம்சமே அவர்களில் ஒருத்தியிடமிருந்து வந்ததுதான்.

மதியம் தம்பி லெமுவேல் வந்தான். பஸ் ஓட்டுகிறவன். அவள் வைத்த பொரித்த மீனைத் தொடக்கூட இல்லை.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? நம்ம ஆளுங்கள வித்துத் தின்னவன் அவன்."

"அம்மாவை வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துல சேர்க்கச் சொல்லி வழக்கு நடந்துச்சே, வக்கீல் எதைச் சொல்லி ஜெயிச்சாரு? அவன் எழுதின வரியைத்தான்டா."

"அப்ப போ, அவன் காலடியில பூங்கொத்து வச்சிட்டு வா."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

கூட்டத்தில் கார்லா விட்மோர் எழுந்தாள். ஒடெசாவோடு இருபது வருஷம் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவள், வெள்ளைக்காரி.

"அந்தக் காலத்து மனுஷனை இந்தக் காலத்துத் தராசுல நிறுக்காத ஒடெசா. அப்ப எல்லாரும் அப்படித்தானே நினைச்சாங்க?"

"எல்லாரும்னா யாரு கார்லா? எங்க வம்சத்துப் பாட்டியும் அந்தக் காலத்து ஆள்தான். அவகிட்ட யாராவது கேட்டாங்களா?"

ஒடெசா மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பண்ணை வச்சிருந்த எலைஷா பென்ரோஸ் தன்கிட்ட இருந்த அடிமைங்க எல்லாரையும் விடுதலை பண்ணினாரு. சர்ச்சுல காரோ பக்கத்துலதான் உட்காருவாராம். ரெண்டு பேருக்கும் ஒரே காலம்தானே?"

சிலையை எடுக்க வாக்களித்தாள். கூடவே, காரோ எழுதிய அந்த வரியை அவர் பெயரோடு நீதிமன்றச் சுவரில் பொறிக்க வேண்டும், அவர் அடிமைகளை வைத்திருந்ததையும் கீழேயே பொறிக்க வேண்டும் என்றாள். அதுவும் நிறைவேறியது. கைதட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், கத்தியவர்கள் இன்னும் கத்தினார்கள். லெமுவேல் எழுந்து வெளியே போய்விட்டான்.

கிரேன் வந்து சிலையைத் தூக்கிய அன்று கார்லா வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. லெமுவேல் மட்டும் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். புதிதாகப் பொறித்திருந்த கல்லை முறைத்தான்.

"பேரையாவது போடாம விட்டிருக்கலாம்ல?"

"பேர் இல்லாட்டி, எழுதினவனே அதை மீறினான்னு யாருக்குடா தெரியும்?"

"உனக்கு அவன் மேல இன்னும் மரியாதை இருக்கு. ஒத்துக்கோ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வரி ஜெயித்துத் தந்த பள்ளியின் வாசலில் அம்மா புத்தகப் பையோடு நிற்கும் படம் நினைவில் வந்து தடுத்தது. லெமுவேல் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.