பொழுது சாய்ந்ததும் தூங்கும் வீடு

நாடக அரங்கில் விளக்கு போடுகிறவன் பெண் கேட்கப் போனது நாடகம் இல்லாத ஒரு சாயங்கால நேரத்தில். அதுதான் அவன் செய்த தப்பு.

காதல் ரொட்டிக்கடையில் பிறந்தது. நாடகம் முடிந்து, சகாக்களோடு அரட்டையடித்து, விடிகிற வேளையில் அவன் வீடு திரும்புவான். அப்போது அவள் முதல் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தபடி பளிச்சென்று நிற்பாள்.

"அப்பாகிட்ட காலையில வந்து பேசுங்க," என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"காலையில என்னால கண்ணையே திறக்க முடியாதே," என்றான்.

அவள் அப்பா தடபுடலாகத்தான் வரவேற்றார். "சொல்லுங்க தம்பி, உங்களுக்குச் சொந்தமா..." என்று தொடங்கியவர் அந்தச் 'சொந்தமா'விலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் அவருடைய தங்கை கோப்பையும் கையுமாகக் குறட்டை விட்டாள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆறுதலுக்கு அவளைப் பார்த்தான்.

"கோச்சுக்காதீங்க, இது எங்க ரத்தத்துலயே..." என்றவள், பாதியில் அவன் தோளில் விழுந்தாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தாள். "பயப்படாதீங்க தம்பி. ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பாத்துட்டாங்க. ஏதோ ஒரு மரபணுவுல மாத்தமாம். உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் இவங்களுக்கு முந்தி ஓடுது. நான் வெளியிலேர்ந்து வந்தவ, எனக்கு அது கிடையாது. சாயங்காலமானா பேச நாதியில்ல. ஆமா, உங்களுக்கு எப்பத் தூக்கம் வரும்?"

"விடியும்போதுதாங்க," என்றான் தயங்கித் தயங்கி.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஊர்க்கதை மொத்தமும் மடை திறந்தது. பதிலுக்கு அவன், ராஜா வேஷக்காரரின் பொய்முடி விளக்குக் கம்பியில் மாட்டி மேலே போன கதையைச் சொன்னான். சிரிப்பு பீறிட, வாயைப் பொத்திக்கொண்டான்.

"நல்லா சத்தமாச் சிரிங்க. இடி விழுந்தாலும் இவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

அப்புறம் கேட்க வேண்டுமா, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் அப்பா கேட்டார்: "நேத்து வந்த பையன் என்ன ஆனான்?"

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. கல்யாணம் உச்சி வெயில்ல," என்றாள் அம்மா.

"அது ஏன்?"

"மாப்பிள்ளையும் நீங்களும் சேர்ந்து முழிச்சிருக்கிற நேரம் அதுதானே."

அப்படியே நடந்தது. அடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை. அந்த மரபணு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். குழந்தையோ மாலையிலும் தூங்கவில்லை, விடியலிலும் தூங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மாமியாரும், நாடகம் முடிந்து வந்ததும் அவனும் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கிழக்கு வெளுக்குமுன் அவளும் அப்பாவும் எழுந்து போட்டி போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். யார் பக்கம் என்று வளர்ந்தால்தான் தெரியும். அதுவரை இரண்டு கட்சியும் குழந்தை தங்கள் ஆள்தான் என்று அடித்துச் சொல்லித் திரிந்தது.